எழுத்தும் கோடும் ஒரே கையில்: சத்யஜித் ரேயின் வாழ்க்கை

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து இரண்டாவது கிழமை. பாடசாலை விட்டு, அப்புத்தளை பஸ் நிலையத்தில் பண்டாரவளை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசிக்க முடியாதபடி பனிமூட்டம் இறங்கியிருந்தது. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து என் மாணவி ஒருத்தியின் உம்மா வந்தார். கையில், உயர்தரத்துக்குப் பாடங்களைத் தெரிவுசெய்யும் படிவம் இருந்தது.

மகள் கலைப்பிரிவு என்று முடிவெடுத்துவிட்டாளாம். தமிழும் சித்திரமும் கட்டாயம் வேண்டும் என்கிறாளாம். கணவரை இழந்தபின் ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வருபவர் அவர். கோபப்படவில்லை. கதையும் கவிதையும் படித்து, படமும் கீறித் திரிந்த பிள்ளைக்கு நாளைக்கு என்ன தொழில் இருக்கிறது டீச்சர் என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான். கிழமை நாட்களில் தமிழ் படிப்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் ஓர் அச்சகத்துக்குப் புத்தக அட்டைகளும் கல்யாண அழைப்பிதழ்களும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிக்கின்றன. ஆனால் பஸ் வந்துவிட்டது. வந்து பேசுகிறேன் தாத்தா என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினேன்.

வழி நெடுக எனக்கு இன்னொரு தாயின் நினைவு வந்துகொண்டிருந்தது. அவரும் இளம் வயதில் கணவரை இழந்தவர். அவரும் ஊசியையும் நூலையும் கொண்டு உழைத்தவர். அவருடைய ஒரே மகனும் வாசிப்பிலும் வரைவதிலும் நாட்டம் கொண்டவன். அந்த மகன்தான் சத்யஜித் ரே. திரைப்பட இயக்குநர் என்றே உலகம் அவரை அறியும். அதற்கு முன்னும் அதனுடன் கூடவும் அவர் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தவர், எழுத்துருக்கள் ஆக்கியவர், சிறுவர்களுக்காக எழுதியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த உம்மாவுக்கு நான் சொல்ல நினைத்த பதிலை, அவரைப் போன்ற எல்லாப் பெற்றோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சத்யஜித் 1921 மே 2ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி சிறுவர் எழுத்தாளர். தம் கதைகளுக்குத் தாமே படம் வரைந்தவர். அந்தப் படங்கள் அச்சில் அழுக்காக வந்ததைப் பொறுக்கமாட்டாமல் அச்சுத் தொழிலையே கற்றுக்கொண்டார். ஒரு புகைப்படத்தை அச்சிடவேண்டுமானால் அதைச் சிறிதும் பெரிதுமான ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும். பத்திரிகைப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நமக்கும் தெரியும். ஹாஃப்டோன் எனப்படும் இந்த முறையில் அவர் கல்கத்தாவில் இருந்தபடியே ஆராய்ச்சி செய்து, இங்கிலாந்தின் அச்சுத்துறை ஆண்டிதழில் கட்டுரைகள் எழுதினார். 1913இல் சிறுவர்களுக்காக ‘சந்தேஷ்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். வங்காளத்தில் அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்புப் பண்டம் என்றும் பொருள்.

தந்தை சுகுமார் ரே இங்கிலாந்து சென்று புகைப்படமும் அச்சுத் தொழில்நுட்பமும் படித்துத் திரும்பியவர். வங்காளப் பிள்ளைகள் இன்றும் பாடமாக்கிச் சொல்லும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். ‘ஆபோல் தாபோல்’ என்ற தம் புத்தகத்தின் பக்கங்களை, எந்தப் பாட்டு எங்கே, எந்தப் படம் எங்கே என்று நோய்ப்படுக்கையில் இருந்தபடியே ஒழுங்கு செய்தார். ஆனால் 1923 செப்டெம்பரில், அந்தப் புத்தகம் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார். அப்போது சத்யஜித்துக்கு வயது இரண்டரைகூட நிறையவில்லை.

வீடும் அச்சகமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. சிறுவன் தான் கிறுக்கிய காகிதங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குள் போவான். இதைச் சந்தேஷில் போடுங்கள் என்று அங்கிருந்த தொழிலாளியிடம் கொடுப்பான். அவர் அவனைத் தூக்கிப் பிடித்து, பெரிய கமெராவின் கண்ணாடியில் அந்தக் கிறுக்கல் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவார். அச்சு மையோடு கலந்துவரும் டர்பன்டைன் வாசனை அவருக்கு முதுமை வரை சிறுபிராயத்தை நினைவூட்டியது.

ஆனால் அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. அச்சகம் கடனில் மூழ்கியது. சஞ்சிகை நின்றது. வீடும் கையைவிட்டுப் போனது. தாயார் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தம் சகோதரர் வீட்டில் அடைக்கலமானார். அங்கே சும்மா இருக்கவில்லை. கணவரை இழந்த பெண்களுக்காக நடத்தப்பட்ட வித்யாசாகர் பாணி பவன் என்ற நிலையத்தில் தையல் வேலைக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அந்த உழைப்பில்தான் மகன் படித்தான். அப்புத்தளை பஸ் நிலையத்தில் அந்த உம்மாவைப் பார்த்தபோது எனக்கு சுப்ரபா நினைவுக்கு வந்தது இதனால்தான்.

சத்யஜித் பிரெசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். அது அவருக்குப் பிடித்த பாடமல்ல. மேலே படிப்பதைவிட, விளம்பரத் துறையில் ஓவியராக வேலை தேடித் தாயின் சுமையைக் குறைக்கவே விரும்பினார். இங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. கலை படிக்கப் போ என்று சொன்னவர் மகனல்ல, தாய். தாகூர் நிறுவிய சாந்திநிகேதனுக்கு மகனை அனுப்ப அவர் விரும்பினார். நகரத்தில் வளர்ந்த மகனுக்கு அந்தக் கிராமத்துக்குப் போக மனமில்லை. தாயின் சொல்லைத் தட்ட முடியாமல் 1940இல் போனார்.

அங்கே கலா பவனத்தில் நந்தலால் போஸ் ஆசிரியராக இருந்தார். தாகூர் வங்காளக் குழந்தைகளுக்காக எழுதிய ‘சஹஜ் பாட்’ என்ற ஆரம்பப் பாடநூலுக்குப் படம் செய்தவர் அவர்தான். அந்தப் படங்களில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு நிறமில்லை. எழுத்தின் கனத்துக்குப் படத்தின் கோடும் இணையாக இருக்கும். பெரிய ஓவியர் ஒருவர் குழந்தைகளின் அரிச்சுவடிக்குப் படம் வரைவதைத் தாழ்வாக நினைக்கவில்லை என்பதை மாணவிகள் கவனிக்க வேண்டும். இன்னோர் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே பார்வை குறைந்தவர். பிற்காலத்தில் முற்றாகவே பார்வையை இழந்தார். அதன் பிறகும் கலைப்பணியை விடவில்லை. இந்த ஆசானைப் பற்றி சத்யஜித் 1972இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்கு அகக்கண் என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

சாந்திநிகேதனில் அவர் மரத்தையும் மாட்டையும் ஒரு கிராமத்து முற்றத்தையும் நின்று நிதானமாகப் பார்க்கக் கற்றார். தூரிகையைப் பிடித்து எழுதுவதும் ஒரு கலை என்பதை அறிந்தார். அஜந்தா, எல்லோரா ஆகிய இடங்களுக்குச் சென்று பழைய கைகள் செய்த வேலையைப் பார்த்தார். ஆனால் தாம் ஓர் ஓவியராக மட்டும் வாழப் பிறந்தவரல்ல என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. 1942இன் இறுதியில், பயிற்சியை முடிக்காமலே கல்கத்தா திரும்பினார்.

1943 ஏப்ரலில் டி. ஜே. கெய்மர் என்ற பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் இளநிலை வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபா. கலை படித்தவனுக்கு என்ன தொழில் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை தந்த முதல் பதில் இதுதான். பெரிய பதில் இல்லை; ஆனால் மாதம் தவறாமல் வந்த பதில். அங்கே அவருடன் வேலை செய்தவர்களில் அன்னதா முன்ஷி ஒருவர். தேயிலைச் சபைக்காக அவர் ஆக்கிய சுவரொட்டிகள் இந்திய விளம்பரக் கலையில் இன்றும் பேசப்படுகின்றன.

தேயிலைக்கு எதற்குச் சித்திரம் என்று அப்புத்தளையில் பிறந்த நாம் கேட்கமாட்டோம். 1890இல் இலங்கை வந்து தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், ஸ்கொட்லாந்தில் ஒரு மளிகைக் கடைக்காரர். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையைப் பெயர் அச்சிட்ட பைக்கற்றுகளில் அடைத்து, படத்தோடும் வாசகத்தோடும் உலகமெங்கும் விற்றார். கொழுந்தைப் பறித்தவை நம் மலைப் பெண்களின் கைகள். அதைக் கடல் கடந்தவர்கள் கேட்டு வாங்கும்படி செய்தவை அந்தப் பைக்கற்றில் இருந்த எழுத்தும் படமும். வடிவமைப்பு என்பது ஒரு தொழில் என்பதற்கு லிப்டன் சீட்டுக்கு ஏறும் வழியில் நிற்கும் பழைய தொழிற்சாலையே சாட்சி.

கெய்மர் நிறுவனத்தில் டி. கே. குப்தா என்ற அதிகாரி இருந்தார். அவர் சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, அதன் புத்தகங்களை வடிவமைக்கும் பொறுப்பை இளைஞர் சத்யஜித்திடம் கொடுத்தார். 1946இல் அந்தப் பதிப்பகம் வெளியிட்ட நேருவின் ‘டிஸ்கவரி ஒஃப் இந்தியா’வின் அட்டை இவருடைய கைவண்ணம். ஜீபனானந்த தாஸின் கவிதைகளுக்கும் இவரே அட்டை செய்தார். புலி வேட்டைக்காரர் ஜிம் கோர்பெட்டின் நூல் வங்காளத்தில் வந்தபோது அட்டை முழுவதையும் புலித்தோலாக்கினார். முன்னட்டையில் துப்பாக்கிக் குண்டு நுழைந்த சிறிய துளை. பின்னட்டையில் அது வெளியேறிய பெரிய துளை. ஒரு புலியின் முகத்தை வரைந்து ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் அவர் புத்தகத்தை வாசித்து, குண்டு எப்படிப் போகும் என்று யோசித்து, அட்டைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்து வரைந்தார்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வேலைக்கு வந்த புதிதில் மலையகக் கவிஞர் ஒருவரின் தொகுதி என்னிடம் தரப்பட்டது. மலையகம் என்றதும் நான் கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பெண்ணையும் பின்னால் ஒரு மலையையும் வரைந்து கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. கவிஞர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களைப் பற்றிய கவிதைகள் அவை என்றும், தேயிலைச் செடி ஒரு வரியிலும் வரவில்லை என்றும் தயக்கத்தோடு சொன்னார். நான் ஒரு பக்கமும் வாசித்திருக்கவில்லை. தமிழ் படித்தவள், தமிழ் படிப்பிப்பவள். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அன்றிரவு முழுத் தொகுதியையும் வாசித்துவிட்டு ஒரு வெறும் கட்டிலையும் மடித்து வைத்த போர்வையையும் வரைந்தேன். அன்றிலிருந்து வாசிக்காமல் எதற்கும் பென்சில் எடுப்பதில்லை.

சத்யஜித்தின் வாழ்க்கையைத் திருப்பியதும் அப்படி ஒரு வாசிப்புத்தான். 1940களின் நடுப்பகுதியில் பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட சிக்னெட் பிரஸ் முனைந்தது. படங்கள் வரையும் வேலை சத்யஜித்துக்கு வந்தது. அதற்காக அவர் நாவலை வாசித்தார். ஏழை வீட்டுச் சிறுவன் அப்பு, அவன் அக்கா துர்க்கா, வறுமையோடு போராடும் தாய், கூனல் விழுந்த கிழவி ஆகியோர் மரச்செதுக்கு போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களாக அவர் கையிலிருந்து பிறந்தார்கள். பிறகு அவர்கள் அவரை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கதையையே தம் முதல் திரைப்படமாக எடுக்கத் தீர்மானித்தார்.

அப்போதும் அவர் வேலையை உதறிவிட்டு ஓடவில்லை. கிழமை நாட்களில் விளம்பர நிறுவனம். விடுமுறை நாட்களில் படப்பிடிப்பு. காசு தீர்ந்தபோது காப்புறுதிப் பத்திரத்தை வைத்துக் கடன் பெற்றார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. மூன்று ஆண்டுகள் நின்றும் தொடர்ந்தும் நடந்த அந்தப் படம் 1955இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பிறகு எடுத்த படங்களுக்கும் சுவரொட்டிகளையும் தலைப்பு எழுத்துக்களையும் பெரும்பாலும் தாமே வடிவமைத்தார். காட்சிகளை முன்கூட்டியே கோட்டுப் படமாக வரைந்து வைத்துக்கொள்வதும் அவர் வழக்கம்.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1961இல், பாட்டனார் தொடங்கி நின்றுபோன ‘சந்தேஷ்’ சஞ்சிகையை நண்பரான கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். ஆங்கில இலக்கியம் படித்து, சாந்திநிகேதனிலும் கல்லூரியிலும் ஆசிரியையாக இருந்த உறவினர் லீலா மஜும்தாரும் பிறகு ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். சத்யஜித் வகுப்பறையில் நின்று படிப்பித்தவரல்ல. ஆனால் மாதந்தோறும் வந்த அந்தச் சஞ்சிகை வங்காளப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையாக இருந்தது. வாசகப் பிள்ளைகள் எழுதவும் வரையவும் பழக அதிலே தனிப் பகுதி இருந்தது. அதன் பக்கங்களை நிரப்பவேண்டிய தேவையில்தான் அவர் கதாசிரியரானார். பேராசிரியர் ஷொங்குவும், துப்பறியும் ஃபெலூடாவும் அங்கே பிறந்தவர்களே. பின்பு அந்தப் புத்தகங்களின் வருமானம் குடும்பத்துக்குப் பெரும் துணையாக இருந்தது.

எழுத்தின் வடிவத்தில் அவர் கொண்ட ஈடுபாடும் குறையவில்லை. ‘ஏக்ஷண்’ என்ற இலக்கிய இதழின் பெயர் வங்காளத்தில் மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்தையும் இதழுக்கு இதழ் புதுப்புது வடிவத்தில் எழுதி அட்டையாக்கினார். ஆங்கில எழுத்துக்கு அவர் ஆக்கிய ரே ரோமன், ரே பிசார் என்ற இரண்டு எழுத்துருக்கள் 1971இல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன. இதை நான் வகுப்பில் சொல்லிவிட்டு ழகரத்தை ஒவ்வொருவரும் பத்து விதமாக எழுதி வாருங்கள் என்பேன். மழையில் நனைந்த ழ, தூங்கும் ழ, மலைப்பாதைபோல் வளையும் ழ என்று கொண்டு வருவார்கள். அந்தக் கிழமை எழுத்துப்பிழைகள் குறைந்திருக்கும். எழுத்தை உற்றுப் பார்த்த கண் அதைத் தவறாக எழுதத் தயங்குகிறது.

பெற்றோரிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. சத்யஜித்துக்குப் பிறப்பிலேயே ஒரு பெரிய பெயர் இருந்தது. பாட்டனாரையும் தந்தையையும் அறியாத வாசகர் வங்காளத்தில் இல்லை. கல்கத்தா பெரிய நகரம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்த நகரமும் இல்லை. தமிழும் சித்திரமும் படித்த எல்லோரும் சத்யஜித் ரே ஆகிவிடுவார்கள் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் உலகப் புகழ் வருவதற்கு முன்பே அவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலக மேசையில் இருந்து சம்பளம் வாங்கினார். அந்த வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியது. பாடநூலுக்கும் பத்திரிகைக்கும் மருந்துப் பெட்டிக்கும் கடைப் பலகைக்கும் வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார். கணினியில் எழுத்தை நகர்த்தத் தெரிந்தவர்கள் பலர். தமிழைப் பிழையறப் படித்து, பொருளை உணர்ந்து, அதற்கேற்பப் பக்கம் அமைக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். நான் வேலை செய்யும் அச்சகம் அந்தச் சிலரைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

படிப்பை முடிக்காமல் சத்யஜித் விட்டு வந்த சாந்திநிகேதனின் விஸ்வபாரதி பல்கலைக்கழகம், 1978இல் தேசிகோத்தமர் என்ற தன் உயர்ந்த விருதை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1992 ஏப்ரல் 23ஆம் திகதி அவர் காலமானார். தாயார் சுப்ரபா இவற்றில் எதையும் காண இருக்கவில்லை. ஆனால் மகனின் முதல் படம் வெளிவந்த நாளில் அவர் உயிரோடிருந்தார்.

அடுத்த கிழமை நான் அந்த உம்மாவின் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை ஒதுக்கி வைத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இந்தக் கதையை ஏறத்தாழ இதே ஒழுங்கில் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் பேசவில்லை. முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தத் தாய் பிள்ளையை முதலில் பொருளாதாரம் படிக்க வைத்தார்தானே? ஆம் என்றேன். அப்படியானால் மூன்றாவது பாடம் என் விருப்பம் என்றார். மகள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தமிழ், சித்திரம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் என்று படிவம் நிரப்பப்பட்டது. உம்மா கையொப்பமிட்டார்.

இந்தச் சஞ்சிகையின் அட்டையை இம்முறை அந்தப் பிள்ளைதான் வரைந்திருக்கிறாள். குறைகள் இருக்கும், இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு குறையும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆக்கத்தையும் வாசித்து முடித்த பிறகுதான் பென்சிலைக் கையில் எடுத்தாள் என்பதற்கு நான் சாட்சி. இந்தக் கட்டுரையையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, இரண்டு இடத்தில் சந்திப் பிழை இருக்கிறது டீச்சர் என்று திருத்தித் தந்தாள்.